கூலிக்கு ஹோபாக்

எந்த ஊருக்கு உக்ரேனிய நடன வகுப்பு எடுக்கப் போனாலும் முதல் மாதத்துக்குள் ஒரு பாட்டியாவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உனக்கு அம்மா வழியா, அப்பா வழியா?" என்று கேட்டுவிடுவார். உக்ரேனிய ரத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரிய வேண்டும் அவருக்கு. இரண்டு வழியும் இல்லை, நான் திருச்சியில் பிறந்தவள், சின்ன வயதில் கனடாவின் எட்மண்டன் வந்தேன் என்று சொன்னால் கொஞ்சம் யோசிப்பார், அப்புறம் "சாப்பிட்டாயா?" என்பார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்கிறவர்கள் நம் ஆட்கள்தான். கல்யாண வீட்டில், பொங்கல் விழாவில், யாராவது ஒரு மாமா: "அவங்க டான்ஸை அவங்க பிள்ளைகளுக்கே நீ சொல்லித் தர்றியா? அவங்ககிட்ட ஆள் இல்லையா?"

நியாயமான கேள்விதான். நின்றுகொண்டே பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எட்மண்டனுக்குக் கிழக்கே 16ஆம், 45ஆம் நெடுஞ்சாலைகளை ஒட்டி உக்ரேனியர் குடியேறிய ஊர்கள் வரிசையாக இருக்கின்றன: லமான்ட், மண்டேர், வெக்ரவில், டூ ஹில்ஸ். 1891இல் இன்றைய மேற்கு உக்ரைனைச் சேர்ந்த கலிசியாவிலிருந்து இரண்டு விவசாயிகள் வந்து நிலத்தைப் பார்த்துவிட்டுப் போய் ஊரில் சொன்னார்கள். முதல் உலகப்போர் தொடங்குவதற்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கனடா வந்து சேர்ந்துவிட்டார்கள். வெக்ரவில்லில் 1975இல் நிறுத்திய பிரம்மாண்டமான ஈஸ்டர் முட்டை இன்றும் காற்றில் திரும்பிக்கொண்டிருக்கிறது. மண்டேரில் வானத்தைப் பார்த்து வளைந்து நிற்கும் சாசேஜ் சிலை. ரசனையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அங்கேதான் எனக்குச் சம்பளம்.

இப்படிப்பட்ட ஊர்களில் பிள்ளைகளின் பெற்றோர்கள் ஒரு குழு அமைத்து நடனப் பள்ளி நடத்துகிறார்கள். உள்ளூரில் ஆசிரியர் கிடைக்கமாட்டார். அதனால் நகரத்தில் பெரிய குழுக்களில் ஆடிய, ஆடிக்கொண்டிருக்கிற ஆட்களை மணிக்கு இவ்வளவு, பெட்ரோலுக்கு இவ்வளவு என்று பேசி வாரம் ஒரு நாள் வரவழைப்பார்கள். செப்டம்பரில் தொடங்கினால் மே மாதம் ஆண்டுவிழாவோடு முடியும், நடுவில் மொத்தக் குளிர்காலமும் வந்து போகும். பனிப்புயலில் 16ஆம் நெடுஞ்சாலையை மூடிவிட்டால் அன்றைக்கு வகுப்பு இல்லை, அன்றைக்குக் கூலியும் இல்லை.

நான் இதற்குள் வந்த கதையில் பெரிய லட்சியமெல்லாம் கிடையாது. பரதநாட்டிய வகுப்பு நகரத்தின் அந்தக் கோடியில் இருந்தது, உக்ரேனிய நடனம் இரண்டு தெரு தள்ளி தேவாலயத்தின் அடித்தளத்தில். வீட்டில் ஒரே கார், அதை அப்பா எடுத்துக்கொண்டு போய்விடுவார், வெளியே மைனஸ் முப்பது. அம்மா யோசித்து எடுத்த முடிவு அது. பிறகு பதினேழு பதினெட்டு வயதில் நகரத்துக் குழு ஒன்றில் தேர்வாகி, சிவப்புப் பூட்ஸும் ரிப்பன் வைத்த மலர்க்கிரீடமுமாக மேடையில் சுற்றிய வருடங்களும் உண்டு. முன்வரிசையில் என்னை நிறுத்தலாமா என்று ஒரு பேச்சு எழுந்தது எனக்குத் தெரியும். கடைசியில் நிறுத்தினார்கள், ஏனென்றால் நான் சுற்றினால் தலைசுற்றி விழமாட்டேன்.

சரி, மாமாவின் கேள்விக்கு வருகிறேன்.

இந்த நடனம் கொள்ளுப்பாட்டி பாட்டிக்கும், பாட்டி அம்மாவுக்கும், அம்மா பிள்ளைக்கும் சமையலறையில் கற்றுக்கொடுத்து வந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஆடுகிறவர்களில் பாதிப் பேரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது அப்படி வரவில்லை. வசில் அவ்ரமென்கோ என்று ஒரு மனிதர், 1895இல் பிறந்தவர். சுதந்திர உக்ரைனுக்காகச் சண்டையிட்டுத் தோற்ற படையினரோடு போலந்தில் காலிஷ் என்ற ஊரில் அடைபட்டுக் கிடந்தபோது, அந்த முகாமிலேயே கைதிகளுக்கு நடனம் கற்பிக்கத் தொடங்கினார். 1925 கடைசியில் கனடா வந்தார். அதற்கப்புறம் அவர் செய்ததுதான் என் தொழில்: ஊர் ஊராகப் போவது, ஒரு மண்டபத்தைப் பிடிப்பது, ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு குறுகிய காலப் பயிற்சி கொடுப்பது, கடைசியில் ஒரு நிகழ்ச்சி, கெட்டிக்கார மாணவர் ஒருவரை அங்கேயே ஆசிரியராக விட்டுவிட்டு அடுத்த ஊர். 1931இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பரா ஹவுஸ் மேடையில் நூற்றுக்கணக்கானோரை ஆடவைத்தார். பிறகு சினிமா எடுக்கப் போய்க் கடனில் மாட்டிக்கொண்டார், அது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

இன்னொன்று. கனடாவின் புல்வெளி மாநிலங்களுக்கு வந்த குடும்பங்களில் பெரும்பாலானவை மேற்கே கலிசியாவிலிருந்தும் புகோவினாவிலிருந்தும் வந்தவை. ஆனால் அவர்கள் பேரப்பிள்ளைகள் மேடையில் துள்ளித் தாவி ஆடுகிற ஹோபாக் நடனம், அந்தச் சிவப்புப் பூட்ஸ், பலூன் மாதிரி உப்பிய ஷரோவாரி கால்சட்டை, இதெல்லாம் நடு உக்ரைனின் போல்தாவா, கோசாக் நாட்டு அடையாளங்கள். இந்தப் பிள்ளைகளின் கொள்ளுப்பாட்டி அந்த உடையைத் தன் வாழ்நாளில் உடுத்தியிருக்கமாட்டார். அவ்ரமென்கோ கொண்டுவந்து சேர்த்தது இது. அதன் மேல், கீவில் 1937இல் அரசு நடனக் குழுவைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பாவ்லோ விர்ஸ்கியின் பாணி வந்து உட்கார்ந்தது: பாலே உடற்பயிற்சி, கச்சிதமான வரிசைகள், கடைசியில் ஒவ்வொருவராக வந்து சாகசம் காட்டுவது. 1960களில் அவர் குழு வட அமெரிக்காவுக்கு வந்து ஆடியபோது, சோவியத் அனுப்பிய குழு என்று அரசியல்ரீதியாகப் பல்லைக் கடித்தவர்களும் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். திரும்பிப் போய் அதையே ஆட முயன்றார்கள்.

ஆக, ஆரம்பத்திலிருந்தே இது கூலிக்கு வந்த ஆசிரியர் கற்பித்த நடனம். கற்றுக்கொண்டவர்கள் ஆடினார்கள், நன்றாகக் கற்றுக்கொண்டவர்கள் அடுத்த ஊருக்குப் போய்க் கற்பித்தார்கள். அந்த வரிசையில் நானும் ஒருத்தி. பரதத்தையும் 1930களில் சென்னையில் மேடைக்கென்று புதிதாக வடிவமைத்தார்கள், அதை இன்றைக்கு டோக்கியோவிலும் கற்பிக்கிறார்கள் என்று மாமாவிடம் சொல்லலாம்தான். சொன்னால் சாப்பாட்டுப் பந்தி முடிந்துவிடும்.

வகுப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. மூன்று, நான்கு வயதுக் குட்டிகள் முதலில் வருவார்கள். கையை இடுப்பில் வை, நேராக நில், சிரி. அந்த வயதில் பாடத்திட்டம் அவ்வளவுதான், அதிலும் சிரிப்பு தானாக வந்துவிடும், மற்ற இரண்டும் வராது. பெரியவர்களோ சின்னவர்களோ, எல்லா வகுப்பும் போக்லின் என்கிற வணக்கத்தில் தொடங்கி அதிலேயே முடியும். ஏழெட்டு வயதில் பிஹுனெத்ஸ், ஓடுகிற அடி. பிறகு விஹிலியாஸ்னிக்: ஒரு காலில் துள்ளி மற்றக் காலின் நுனியை உள்பக்கம் திருப்பி ஊன்ற வேண்டும், அடுத்த துள்ளலில் அதே காலின் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பி ஊன்ற வேண்டும். சொன்னால் எளிது. இதைச் சரியாகக் கொண்டுவர ஒரு பிள்ளைக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடிக்கும், பிடித்த பிறகு எழுபது வயதிலும் மறக்காது. மண்டபத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு வைத்த பிரோஹி மடித்துக்கொண்டிருக்கும் பாட்டிகளே சாட்சி.

பையன்கள் கதை வேறு. அவர்களுக்கு பிரிசியாத்கா மட்டும்தான் வேண்டும், அதாவது உட்கார்ந்த நிலையில் காலை வீசி ஆடுவது. வந்த அன்றே வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதில் எலும்பு வேகமாக வளர்கிற சமயம், முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்துக்கொண்டு வலிக்கும், ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று டாக்டர்கள் சொல்வார்கள். துள்ளலும் ஆழமாக உட்காருவதும் அதை மோசமாக்கும். போதாததற்கு இதே பையன்கள் வாரத்தில் நாலு நாள் ஹாக்கி ஆடுகிறார்கள். தரையும் ஒத்துழைக்காது. பழைய மண்டபங்களில் மரத்தரை, அருமையாக இருக்கும். புதுப்பித்த மண்டபங்களில் சிமெண்ட்டின் மேல் ஓடு ஒட்டி வைத்திருக்கிறார்கள், துடைக்க வசதியாம். அந்தத் தரையில் நான் பெரிய தாவல் எதையும் கற்பிப்பதில்லை. ஒரு வருடம் ஒரு அப்பா வந்து, பக்கத்து ஊர்ப் பையன்கள் காற்றில் கால் விரித்துத் தாவுகிறார்களே என்று குறைப்பட்டார். அவர்களுக்கு மரத்தரை என்றேன். மண்டபத் தரையை மாற்றப் பணம் திரட்டலாமா என்று அடுத்த கூட்டத்திலேயே பேச்சு வந்தது, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பணம் திரட்டுவது என்றால் ஆல்பர்ட்டாவில் காசினோ. சூதாட்டக் கூடத்தில் இரண்டு நாள் தன்னார்வலர்களாக வேலை செய்தால் வருமானத்தில் ஒரு பங்கு அந்தச் சங்கத்துக்கு வரும், மாநிலத்தின் ஏற்பாடு அப்படி. தேவாலயத்தில் பாடுகிற அம்மாக்கள் நள்ளிரவில் காசினோவில் சில்லுகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள், அந்தப் பணத்தில்தான் ஹுட்சுல் (மேற்கு உக்ரைனின் மலைவாழ் மக்கள்) உடைக்கு ஆட்டுத்தோல் கையில்லா அங்கி வாங்குவது. உடைகளெல்லாம் சங்கத்துக்குச் சொந்தம். ரிப்பன்களை இஸ்திரி போட்டு, பூட்ஸுக்குள் எண் எழுதி, ஒரு பிள்ளை வளர்ந்ததும் அடுத்த பிள்ளைக்கு மாற்றி விடுகிற உடைப் பொறுப்பாளர் அம்மாதான் என் அனுபவத்தில் எந்தப் பள்ளியிலும் உண்மையான தலைவர். அவரைப் பகைத்துக்கொண்ட ஆசிரியர் அடுத்த செப்டம்பரில் அங்கே இருக்கமாட்டார்.

2022க்குப் பிறகு நிலைமை மாறியது. போரிலிருந்து தப்பி, கனடா கொடுத்த அவசர விசாவில் கிட்டத்தட்ட 3 லட்சம் பேர் வந்தார்கள். எங்கள் வகுப்புகளுக்கும் பிள்ளைகள் வந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எல்லா அடியின் பெயரும் உக்ரேனிய மொழியில் தெரியும், ஆனால் அந்த மொழியில் தண்ணீர் கேட்கத் தெரியாது. வந்த பிள்ளைகளுக்கு மொழி தெரியும், ஹோபாக் தெரியாது, ஹிப்ஹாப் தெரியும். "எங்கள் ஊரில் இத்தனை பேர் ஹோபாக் ஆடி நான் பார்த்ததே இல்லை" என்று ஒரு அம்மா கதவோரம் நின்று சொன்னார். பாராட்டாகச் சொன்னாரா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. முதல் வருடம் அந்தப் பிள்ளைகளில் சிலர் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் வற்புறுத்தவில்லை. கூப்பிடும்போது வந்தால் போதும், வராவிட்டாலும் வீட்டுக்குப் போகாமல் அங்கே இருக்கிறார்களே.

பிள்ளைகளோடு ஆசிரியர்களும் வந்தார்கள். இப்போது என்னோடு சேர்ந்து ஒரு ஊரில் வகுப்பு எடுக்கிறவர் கார்கிவில் நடன அமைப்பையே பாடமாகப் படித்துப் பட்டம் வாங்கியவர். என்னைவிடப் பல மடங்கு தெரிந்தவர், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புகோவினா நடனத்தில் உடம்பு நிமிர்ந்து நிற்க வேண்டும், ஹுட்சுல் நடனத்தில் தரையோடு ஒட்டிச் சின்னச் சின்ன வேக அடிகள் வேண்டும், இரண்டையும் நீங்கள் ஒரே மாதிரி ஆடுகிறீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார், உண்மைதான். எங்களுக்குள் சண்டை வேறு விஷயத்தில். தயாராகாத பிள்ளை மேடை ஏறக்கூடாது என்பது அவர் கட்சி. கட்டணம் கட்டிய எல்லாப் பிள்ளையும் ஏறும் என்பது இங்கே எழுதாத சட்டம். மொத்தமே இருபது பிள்ளைகள் இருக்கிற ஊரில் ஆறு பேரை உட்காரவைத்தால் அடுத்த வருடம் பள்ளியே இருக்காது, அவர்களுடைய தாத்தா, அத்தை, சித்தப்பா யாரும் டிக்கெட் வாங்கமாட்டார்கள். "அப்படியென்றால் இது கலை இல்லை, ஊர்த் திருவிழா" என்றார். ஆமாம், அதுதான் என்றேன். பதினைந்து வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு அவர் சொல்வதுதான் சரி, அந்த வகுப்பை அவரிடமே விட்டுவிட்டேன். குட்டிகளுக்கு நான் சொல்வதுதான் சரி, இதில் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அவர் ஆச்சரியப்பட்டது ஜனவரியில் மலாங்கா விருந்தில்தான். பழைய நாட்காட்டிப் புத்தாண்டுக் கொண்டாட்டம். சாப்பாடு, மேடை நிகழ்ச்சி எல்லாம் முடிந்து நள்ளிரவு நெருங்கும்போது பாண்டுக்காரர்கள் கொலொமிய்கா வாசிக்கத் தொடங்கினால் கூட்டம் தானாக வட்டமாகிவிடும். யார் வேண்டுமானாலும் நடுவில் குதிக்கலாம், தெரிந்த வித்தையைக் காட்டலாம். என் வகுப்பில் அடியை மறந்து நிற்கிற பையன் அங்கே உட்கார்ந்து எழுந்து சுழல்கிறான், எனக்கே தெரியாத எதையோ செய்கிறான், எங்கே கற்றான் என்று கேட்டால் மாமா பையன் காட்டினான் என்கிறான். இதற்கு ஆசிரியர் கிடையாது, ஒத்திகை கிடையாது. அப்போது என் சக ஆசிரியை என் பக்கம் திரும்பி, "இதற்கு யார் நடன அமைப்பு?" என்று கேட்டார்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கிற பிரச்சினை அர்கான். ஹுட்சுல் ஆண்கள் தோளில் கைபோட்டு வட்டமாக ஆடுவது. அடுத்த ஆண்டுவிழாவுக்கு அதைப் போடலாம் என்று குழு ஆசைப்படுகிறது, ஆனால் இருக்கிற பையன்களை வைத்து வட்டம் வராது, கோடுதான் வரும். பெண்பிள்ளைகளையும் சேர்க்கலாமே என்றேன். ஒரு தாத்தா எழுந்து கூடவே கூடாது என்றார், கார்கிவ்காரரும் அவர் பக்கம். வழக்கமாக எங்கள் இருவர் கருத்தும் ஒத்துப்போகாததைப் பார்த்துப் பழகிய குழுவினர் நேராக உடைப் பொறுப்பாளர் அம்மாவைப் பார்த்தார்கள். ஆண்களுக்கு அளவான பெரிய உடைகள் பெட்டியில் சும்மா கிடக்கின்றன, அப்பாக்கள் ஆடட்டும் என்று அவர் முடித்துவிட்டார். பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு ஹுட்சுல் நடனம். கடைசியாக ஆடியது பள்ளிக்கூடக் காலத்தில் என்று சொல்கிற அப்பாக்கள் சிலர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அறுவடை முடியாமல் வரமுடியாது என்பதால் பயிற்சி நவம்பரில்தான் தொடங்கும். முழங்கால் உறை வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.