மழையா?

சென்ற மாதம் முழுக்க ஒரு சிறுகதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பதினொரு ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளாத அண்ணன், தம்பி. ஓர் இரவு தம்பி சொட்டச் சொட்ட நனைந்து அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். கதவைத் திறந்த அண்ணன் கேட்பது ஒரே சொல்: 'மழையா?'

அங்கேயே நிறுத்துவதா, மேலே கொண்டுபோவதா என்று பிடிபடவில்லை. செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துத் தொடரச் சொன்னேன். கண் மூடித் திறப்பதற்குள் வந்து விழுந்தது: 'அந்த ஒற்றைச் சொல்லில் பதினொரு ஆண்டு மௌனம் உடைந்தது. இருவர் கண்களிலும் நீர் தளும்பியது.' பிழையில்லாத தமிழ்தான். ஆனால் நான் பாடுபட்டு ஒளித்து வைத்ததையெல்லாம் எடுத்து வெளியே பரப்பிவிட்டது. அழவைக்காதே என்றேன். அழுகையை எடுத்துவிட்டு இருவரையும் கட்டிக்கொள்ள வைத்தது.

அதை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. இதுவரை வந்த சொற்களுக்குப் பின்னால் எந்தச் சொல், அல்லது சொல்லின் எந்தத் துண்டு, வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துத்தான் அது எழுதுகிறது. அது படித்த பக்கங்களில் பிரிந்த சகோதரர்கள் சந்தித்தபோதெல்லாம் அழுதிருப்பார்கள் போலும். 'வெப்பநிலை' என்றொரு அமைப்பு உண்டு. அதைக் கூட்டினால் அரிய சொற்களும் தலைகாட்டும். கூட்டிப் பார்த்தேன். 'மழையின் முழங்கால்' என்று ஒன்று வந்தது. பொய் சொல்வானேன், பிடித்திருந்தது. அடுத்து வந்த இருபதும் உளறல். இவற்றில் எது தேறும் என்று அதனிடமே கேட்டேன். எல்லாவற்றையும் புகழ்ந்தது.

கணினியியல் முன்னோடி ஆலன் டூரிங் 1950இல் எழுதிய கட்டுரையில், பதில் சொல்வது மனிதனா இயந்திரமா என்று கண்டுபிடிக்கும் ஆட்டத்துக்காக ஒரு கற்பனை உரையாடல் வரும். ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்தைப் பற்றி ஒரு சானெட், அதாவது பதினான்கு வரிக் கவிதை, எழுதித் தரும்படி கேட்டதும், இதில் என்னை விட்டுவிடுங்கள், எனக்குக் கவிதை எழுதவே வராது என்று பதில் வரும். இன்றைய கருவிகளிடம் அப்படியொரு பதிலைக் கேட்க ஆசையாக இருக்கிறது. எனக்கு வராமல்தான் 'நீயா?', 'எப்போது வந்தாய்?', 'உள்ளே வா' என்று எழுதி எழுதி அடித்தேன். நான்காவதாக வந்ததுதான் 'மழையா?'

கடைசியாக, கதையைப் பாதியாகச் சுருக்கித் தரச் சொன்னேன். நனைந்த சட்டை இருந்தது, தாழ்ப்பாள் இருந்தது, வாசல் விளக்குகூட இருந்தது. 'மழையா?'வைக் காணவில்லை.