கொத்தனார் மகன் கட்டிய வீடு

லண்டனுக்கு வந்து ஈலிங்கில் வாடகைக்குக் குடியேறியபோது, குளிர்கூட சீக்கிரம் பழகிவிட்டது. சுவர்தான் பழகவில்லை. தெரு முழுக்க வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கின்றன. நாங்கள் தேங்காய் உடைத்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அவர்கள் டிவியில் கால்பந்து ஓடினால் கோல் விழுந்தது எங்களுக்குத் தெரிந்துவிடும். "ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவராடி?" என்று அம்மா போனில் கேட்டாள். நாலு பக்கமும் காற்று வரும் தனி வீட்டுக்கு ஏஜெண்டு சொன்ன வாடகையைக் கேட்டபிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டோம்.

அப்படிப்பட்ட தனி வீடு ஒன்று வால்போல் பூங்கா ஓரத்தில் இருக்கிறது, பிட்ஸ்ஹேங்கர் மேனர். ஜார்ஜ் என்ற பெயருள்ள மன்னர்கள் வரிசையாக ஆண்ட ஜார்ஜிய காலத்தின் கடைசிக் கட்டத்தில், 1800-க்கும் 1804-க்கும் நடுவே, ஜான் சோன் தன் குடும்பத்துக்காகக் கட்டியது. சோன் கொத்தனார் மகன். இங்கிலாந்து வங்கியின் கட்டடக் கலைஞராகும் அளவுக்கு உயர்ந்தவர். 4,500 பவுண்டுக்கு இடத்தை வாங்கி, இருந்த வீட்டை இடித்தார். தெற்குப் பகுதியை மட்டும் தொடவில்லை. அது 1768-இல் ஜார்ஜ் டான்ஸ் கட்டியது. பதினைந்து வயதில் சோன் தொழில் கற்கச் சேர்ந்தது அவரிடம்தான். குருநாதர் எழுப்பிய சுவரில் கடப்பாரை வைக்க மனம் வருமா?

முகப்பைப் பார்த்தால் வீடு என்றே தோன்றாது. ரோமில் இருக்கும் கான்ஸ்டன்டைன் வெற்றி வளைவை மனதில் வைத்து, போர்ட்லாந்து என்ற சுண்ணாம்புக்கல்லில் நான்கு தூண்களை நிறுத்தியிருக்கிறார். அவை கூரையைத் தாங்கவில்லை. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு பெண் சிலை, அவ்வளவுதான். கொஞ்சம் படாடோபம் என்றுதான் சொல்வேன். ஆனால் வீடு கட்டும் வேலையைக் கொடுக்க வருகிறவர்கள் முகப்பைப் பார்த்தே ஆளை எடைபோடுவார்கள் என்பது அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கும்.

என் அப்பாவும் கொத்தனார்தான். வீடியோ காலில் காட்டினேன். "அந்தப் பொம்மைங்க கல்லா, சுதையா?" என்றார். இரண்டும் இல்லை. கோட் ஸ்டோன் என்பார்கள். லாம்பெத்தில் எலினர் கோட் என்ற பெண்மணியின் தொழிற்சாலையில், களிமண்ணோடு ஏற்கெனவே சுட்ட மண்ணைப் பொடித்துப் போட்டு, கண்ணாடித் தூளும் கலந்து, அச்சில் அழுத்திச் சூளையில் நாள் கணக்கில் சுட்டெடுத்தது. "சுட்டதா? அப்ப சரி, நிக்கும்" என்றார். இருநூறு வருஷத்துக்கு மேல் மழையில் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் ஒடுக்கமான, உயரமான நடை. வெளிச்சம் மேலிருந்து விழுகிறது. அதைத் தாண்டினால் காலை உணவு அறை. கூரை தட்டைக் குவிமாடம், நான்கு மூலையிலும் சிறகு வைத்த பெண் உருவங்கள். நம் வீட்டில் இட்லி சாப்பிடும் இடத்துக்கு இத்தனை அலங்காரமா என்று சிரிப்பு வந்தது.

மகன்கள் இருவரும் இந்த வீட்டில் வளர்ந்து தன் தொழிலுக்கு வரவேண்டும் என்பது சோனின் கனவு. அப்பன் சொத்தை ஊதாரி மகன் அழிப்பதை ஹோகார்த் வரைந்த எட்டு ஓவியங்களைக்கூட இங்கேதான் மாட்டியிருந்தார். ஒருவரும் தேறவில்லை. 1810-இல் வீட்டை விற்றுவிட்டார். 1815-இல் இளையவன் ஜார்ஜ், அப்பாவின் கட்டடங்களைத் தாக்கிப் பெயர் போடாமல் பத்திரிகையில் எழுதினான். அந்த வருஷமே மனைவி எலைசா இறந்துபோனாள். அந்தக் கட்டுரைகள்தான் அவளைக் கொன்றன என்று நம்பிய சோன், அவற்றை பிரேம் போட்டு, ஜார்ஜ் கொடுத்த மரண அடிகள் என்று எழுதி வைத்தார். என்ன சொல்ல!

பிறகு, 1812-இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவலின் மணமாகாத மகள்கள் 1843 முதல் இங்கே வாழ்ந்தார்கள். அதன்பின் எண்பது வருஷம்போல ஊர் நூலகம். விக்டோரிய காலத்தில் ஒட்டவைத்த பகுதிகளை அகற்றி, சோன் கட்டிய வடிவுக்குக் கொண்டுவந்து 2019-இல் மறுபடி திறந்தார்கள். ஈலிங் பிராட்வே ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம்.