அனுப்பு பொத்தானை அழுத்தவே இல்லை

மின்னஞ்சல் முகவரியைப் பாதிதான் தட்டியிருந்தேன். 'அனுப்பு' பொத்தானைத் தொடவே இல்லை.

அதற்குள் அது போய்விட்டது.

தோழியின் ஆன்லைன் கடை ஏன் மெதுவாகத் திறக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தவள் நான். பிரவுசரில், பக்கம் எந்த சர்வருக்கு என்ன அனுப்புகிறது என்று வரிவரியாகக் காட்டும் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, சோதனைக்கு ஒரு ஆர்டர் போட்டேன். நான் தட்டத் தட்டப் புதுப்புது வரிகள். எல்லாம் எங்கள் இருவருக்குமே தெரியாத ஏதோ ஒரு சர்வருக்கு. ஒன்றில் என் பெயரின் மூன்று எழுத்து, அடுத்ததில் நான்கு, அதற்கடுத்ததில் ஐந்து.

தப்பாகத் தட்டி அழித்த எழுத்துகூட அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும்தான் வயிற்றைப் பிசைந்தது.

'சலுகை முடிய இன்னும் இத்தனை நிமிடம்' என்று கடிகாரம் காட்டுவதற்காக அவள் கடையில் சேர்த்த இலவச பிளகின், அதாவது ஒரு கூடுதல் நிரல், அதுதான் அனுப்பிக்கொண்டிருந்தது. கடிகாரத்துக்கு என் முகவரி எதற்கு?

"நான் யாருக்கும் எதையும் கொடுக்கலையேடி" என்றாள்.

உண்மைதான். ஆனால் பிளகின் வழியாகப் பக்கத்துக்குள் ஏறிய ஸ்கிரிப்டுக்கு, அதாவது அந்தச் சிறு நிரலுக்கு, கடையின் சொந்த நிரலுக்கு உள்ள அதே உரிமை. பக்கத்தில் தட்டுவதையெல்லாம் அதனால் படிக்க முடியும்.

2022இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஐரோப்பிய ஆய்வாளர்கள் 1 லட்சம் பிரபல தளங்களைச் சோதித்திருந்தார்கள். படிவத்தை அனுப்பும் முன்பே மின்னஞ்சல் முகவரி, பயனர்களைப் பின்தொடரும் டிராக்கர்களுக்குப் போனது, ஐரோப்பாவிலிருந்து பார்த்தபோது 1,844 தளங்களில். அமெரிக்காவிலிருந்து பார்த்தபோது 2,950இல். அன்று வெறும் எண்ணாகப் படித்தேன்.

அந்த பிளகினைத் தூக்கிவிட்டோம். மீதியை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

இதுவரை வந்துபோன வாடிக்கையாளர்களுக்கு என்ன எழுதுவது என்று அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.