நெல்லை வெயிலில் நடக்கும் பெரணி

குற்றாலத்தில் சாரல் பிடித்ததும் நிழற்பாறை இடுக்குகளில் சுருள் சுருளாகத் தலைநீட்டும் அடியாண்டம் பிலிப்பென்ஸ் என்ற பெரணி, மார்கழி வரை செழித்திருந்துவிட்டு மாசி வெயிலில் காய்ந்து மறைந்துவிடும். மலையடிவாரத்துப் பழைய கிணறுகளின் உட்சுவரிலும் இதைப் பார்க்கலாம்.

காம்பு கம்பிபோல மெலிந்து, கறுத்துப் பளபளக்கும். அதன் இருபுறமும் அரைவட்டச் சிற்றிலைகள். கீழ்விளிம்பு நேர்கோடு, மேல்விளிம்பு வளைவு. தண்ணீர் தெளித்தால் இலை நனையாது, முத்தாக உருண்டு விழும். இலையிலும் காம்பிலும் மென்மயிர் அடர்ந்திருந்தால் அது இதன் உறவான அடியாண்டம் இன்கைசம்.

பாறையில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும், தேங்காது. வேருக்கு ஈரமும் காற்றும் சேர்ந்தே கிடைக்கும். தொட்டியிலும் அதைத்தான் உண்டாக்க வேண்டும். ஆறு அங்குல மண்தொட்டி போதும். அடியில் கால்பங்கு ஓட்டுச்சில்லு, மேலே இலைமக்கு இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, கடலைப் பருமனில் உடைத்த செங்கலும் அடுப்புக்கரியும் சேர்ந்து ஒரு பங்கு. தென்னைநார்க் கழிவில் மட்டும் நட்டால் ஈரம் தங்கி வேர் அழுகும். உப்புப் போர்த்தண்ணீர் ஊற்றினால் இலை விளிம்பு கருகும். மழைநீரோ தாமிரபரணித் தண்ணீரோ நல்லது.

இந்தப் பக்கத்தில் செடியைக் கெடுப்பது வெயிலைவிட மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றுதான். ஆனி, ஆடியில் மலையில் சாரல் பெய்யும்போதே பாளையங்கோட்டைச் சமவெளியில் வறண்ட காற்று அடிக்கும். மண் ஈரமாக இருந்தாலும் இளந்தளிர் சுருண்டுவிடும். அதனால் மலைக் கணக்கைப் பார்த்து ஆனியில் நடாதீர்கள். ஐப்பசி மழையோடு தொடங்குங்கள். மேற்கே சுவர் மறைத்த இடமாகவும், கிணற்றடியோ தண்ணீர்த்தொட்டி ஓரமோவாகவும் இருந்தால் இன்னும் நல்லது.

பெருக்குவதற்கு இந்தச் செடியே வழி வைத்திருக்கிறது. முதிர்ந்த இலையின் நடுக்காம்பு நுனியில் வெறும் நூல்போல நீளும்; அது மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டுப் புதுச்செடி எழும். பெரணி நடப்பது இப்படித்தான். இலைமக்கு நிரப்பிய சின்னக் கிண்ணத்தை நுனிக்குக் கீழே வைத்து, வளைத்த ஈர்க்கால் நுனியை மண்ணோடு அழுத்திப் பிடிக்க வையுங்கள். புதையக் கூடாது, தொட்டால் போதும். கிண்ணம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதுச்செடி மூன்று நான்கு இலை விட்ட பிறகே தாய்க்காம்பை வெட்ட வேண்டும். அவசரப்பட்டு வெட்டிய குட்டி வாடிவிடும். இலைவிளிம்பின் அடியில் பழுப்பேறும் வித்துகளைச் செங்கல்மேல் தூவியும் வளர்க்கலாம், ஆனால் பல மாதம் ஆகும்.

பாறையிலிருந்து பிய்த்து வந்தால் பிழைப்பது அரிது, நுண்வேர்கள் இடுக்கிலேயே அறுந்து நின்றுவிடும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் செடி பறிப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி குற்றமும்கூட. நாற்றங்காலில் வாங்குங்கள், வளர்ப்பவரிடம் ஒரு நுனிக்குட்டி கேட்டாலும் போதும்.

மாசியில் இலையெல்லாம் காய்ந்ததும் செத்துவிட்டதென்று பலர் தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். மண்ணுக்குள் தண்டு உயிரோடுதான் இருக்கும். காய்ந்ததை நறுக்கிவிட்டு, தொட்டியை ஆழ்ந்த நிழலில் வைத்து, மண் தூளாகிவிடாத அளவுக்கு மட்டும் அவ்வப்போது தெளியுங்கள். வழக்கம்போல் ஊற்றினால் உறங்கும் தண்டு அழுகிவிடும்.

செதில்பூச்சி தென்பட்டால் வேப்பெண்ணெய் அடிக்க வேண்டாம், இந்த மெல்லிய இலை அதைத் தாங்காது. பூச்சி பிடித்த இலையை அடியோடு வெட்டி எரித்துவிடுங்கள்.