கழுத்துத் தழும்பும் ஒரு லெட்டரும்

தைராய்டு கட்டிக்காக எனக்கு மலேசியாவில் ஈப்போ ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பாதிச் சுரப்பியை எடுத்தார்கள், பயப்படும்படி எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது, காயமும் சீக்கிரமே மூடியது. நான் பட்ட பாடெல்லாம் அதற்கு அப்புறம்தான். வெட்டிய இடத்தை இனி எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், எப்படி மாறினால் வந்து காட்ட வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் நனைக்காதீர்கள் என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

இரண்டு மாதம் போல ஆனதும் அந்த மெல்லிய கோடு சிவந்து, கயிறு போல் தடித்து எழும்பியது. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை நாற்று நர்சரியில் எனக்கு வேலை. வியர்வை பட்டால் அரிப்பு உயிரை எடுக்கும். இரவில் தூக்கமே இல்லை. டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினேன். கிருமி தொற்றிவிட்டது என்று மருந்து கொடுத்தார்கள். சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை, தொட்டால் சூடும் இல்லை. மருந்து தீர்ந்தும் தழும்பு அப்படியேதான் இருந்தது. பிறகு அங்கேயே ஆஸ்பத்திரிக்கு ஒரு லெட்டர் எழுதித் தந்தார்கள்.

அரை நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று பஸ் ஏறினேன். கவுண்டரில் இருந்தவர் லெட்டரைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். லெட்டர் ஆபரேஷன் பிரிவுக்கு எழுதியிருக்கிறது, அங்கே உங்கள் கேஸ் முடிந்துவிட்டது, தோல் பிரிவுக்கு வேறு லெட்டர் வேண்டும், அப்பாய்ன்மெண்ட் இல்லாமல் பார்க்க முடியாது என்றார். சரி, அந்த லெட்டரில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

வழி காட்டியது எங்கள் அரசாங்க கிளினிக்கில் இருந்த ஒரு மிஸிதான் (நர்ஸ்). 1 ரிங்கிட் கட்டிப் பதிந்துகொண்டு டாக்டரைப் பார்த்தேன். லெட்டரைத் தோல் பிரிவுக்கு என்றே எழுத வேண்டும், ஆபரேஷன் தேதி இருக்க வேண்டும், டிஸ்சார்ஜ் நோட்டின் நகல் இணைக்க வேண்டும், அரிப்பும் வலியும் இருப்பதையும் தழும்பு வளர்வதையும் குறிப்பிட வேண்டும் என்று மிஸி பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தார். என் கைபேசியில் இருந்த பழைய படங்களையும் காட்டச் சொன்னார். தழும்பு எப்படி வளர்ந்தது என்பது படத்தில் தெளிவாகத் தெரிந்ததால் தேதியும் சீக்கிரம் கிடைத்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மாதம் ஒரு படமாவது எடுத்து வையுங்கள். ஒரே இடம், ஒரே வெளிச்சம், பக்கத்தில் ஒரு ஸ்கேல்.

தோல் டாக்டர் பார்த்தவுடன் கிருமி இல்லை என்றார். வெட்டிய கோட்டுக்குள்ளேயே தடித்தால் அது ஒரு வகை. நாளாக ஆகத் தானே அடங்கவும் கூடும். கோட்டைத் தாண்டி நல்ல தோலுக்குள் பரவினால் கெலாய்டு. அது தானாகப் போவது அரிது, வெறுமனே வெட்டி எடுத்தால் பல சமயம் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். என்னுடையது முதல் வகை. நம்மைப் போன்ற கருத்த தோலுக்கும், நெஞ்சு, தோள், காதுமடல் போன்ற இடங்களுக்கும் கெலாய்டு வரும் ஆபத்து அதிகமாம். உள்ளே தழும்பு பக்குவப்பட ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும் என்றார். வெளியே மூடிவிட்டது என்று நிம்மதியாக இருந்த எனக்கு அதுதான் பெரிய செய்தி.

தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை போடுவார்கள். ஊசி பட்ட தோல் மெலியலாம், வெளுக்கலாம். அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு அரிப்பு நின்றது. அன்று இரவு தூங்கியதை மறக்க மாட்டேன்.

வீட்டில் பூச சிலிக்கோன் ஜெல் சொன்னார்கள். ஒட்டும் ஷீட்டும் உண்டு, ஒரு நாளில் 12 மணி நேரமாவது இருக்க வேண்டும், தினமும் கழுவ வேண்டும். நம் வியர்வைக்குக் கழுத்தில் அது நிற்காது, ஜெல்தான் எனக்குச் சரிப்பட்டது. மெல்லியதாகப் பூசிக் காயவிட வேண்டும். காயம் முழுவதும் மூடிய பிறகுதான் தொடங்கலாம், சில மாதமாவது விடாமல் பூச வேண்டும். விலை கூடுதல்தான். இதைத் தையல் பிரித்த அன்றே ஒருவர் சொல்லியிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

பக்கத்து லயத்து அக்கா வைட்டமின் ஈ எண்ணெய் விற்க வந்தார். ஃபார்மசியில் இருந்த பெண் வேண்டாம் என்று தடுத்தார். 1999-இல் வெளிவந்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில் அதைத் தடவியவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தோல் அழற்சி வந்ததாம், தழும்புக்குப் பலனும் இல்லையாம். முட்டை, கோழி, எறால் எல்லாம் பத்தியம் என்று மாமியார் ஒதுக்கி வைத்திருந்தார். காயம் ஆறப் புரதம் வேண்டும், ஒவ்வாமை இல்லையென்றால் எல்லாம் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னதும் அவரே முட்டை அவித்துக் கொடுத்தார். தாலிக்கொடி தழும்பில் உரசுகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கழற்றி சாமி மேடையில வைம்மா, உடம்பு முக்கியம்" என்று அவரே சொன்னது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

வெயில் பட்டால் புதுத் தழும்பு கருத்து நின்றுவிடும். நர்சரியில் இப்போது கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துணி, விடுமுறையில் வெளியே போனால் வெயிலைத் தடுக்கும் எஸ்பிஎஃப் 30 கிரீம்.

வீட்டில் யாருக்காவது கெலாய்டு உண்டா என்று தோல் டாக்டர்தான் முதலில் கேட்டார். அம்மாவுக்குக் காது குத்திய இடத்தில் உருண்டையாக ஒன்று வருடக்கணக்காக இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் என்னிடம் அதை யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் என் தங்கைக்குப் பித்தப்பை ஆபரேஷன். அம்மாவின் காதைப் படம் எடுத்து அவள் ஃபைலில் வைத்திருக்கிறோம், ஜெல் டியூபும் வாங்கியாயிற்று.