கோபோலில் வெப் சர்வீஸ்: எங்கெங்கே இடிக்கும்

கோபோலில் (வணிகக் கணக்குகளுக்கான பழைய நிரல்மொழி) வெப் சர்வீஸ் (இணையம் வழியாகக் கேட்பவர்களுக்குத் தரவு தரும் நிரல்) எழுத முடியுமா என்றால், முடியும். குனு கோபோல் கம்பைலர் நம் நிரலை முதலில் சி மொழிக்கு மாற்றி, ஜிசிசி வழியாகச் சாதாரண லினக்ஸ் பைனரியாக்கித் தருகிறது. அப்பாச்சி வெப் சர்வருக்கு அது இன்னொரு சிஜிஐ புரோகிராம் (கோரிக்கை வரும்போது சர்வர் ஓட்டி, அது எழுதுவதைப் பதிலாக அனுப்பும் நிரல்), அவ்வளவுதான். வரி, வட்டி, பாக்கி என்று கணக்குப் போடும் இடத்தில் இந்த மொழியோடு யாருக்கும் சண்டை வராது. டேட்டா உள்ளே வரும் இடத்திலும் வெளியே போகும் இடத்திலும்தான் எல்லாம் உடைகிறது.

டெபியனில் குனுகோபோல்3 பேக்கேஜை நிறுவியதும் கோப்சி (குனு கோபோல் கம்பைலர்) கட்டளையை 'இன்ஃபோ' ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டுங்கள். ஜேசன் (நிரல்கள் தரவைப் பரிமாறும் உரை வடிவம்) லைப்ரரி சேர்த்துக் கட்டப்பட்டதா என்பது அதில் தெரியும். இல்லையென்றால் ஜேசனை உருவாக்கும் 'ஜேசன் ஜெனரேட்' கட்டளை வேலை செய்யாது, சோர்ஸிலிருந்து நீங்களே கட்டவேண்டி வரும். அப்படிக் கட்டி யூஎஸ்ஆர்/லோக்கல் கீழே நிறுவினால், கையோடு எல்டிகான்ஃபிக் (லைப்ரரிகள் இருக்கும் இடத்தை லினக்ஸிடம் பதியும் கட்டளை) ஓட்டிவிடுங்கள். டெர்மினலில் ஓடும் நிரல் அப்பாச்சியில் மட்டும் 500 பிழை தருவதற்கு அடிக்கடி காரணம், லிப்காப் (கோபோல் நிரல் ஓடத் தேவையான லைப்ரரி) கோப்பு எங்கே என்று அப்பாச்சிக்குத் தெரியாததுதான். டெர்மினலில் நீங்கள் வைத்த லைப்ரரி பாதை அதற்குப் போய்ச் சேராது. எர்ரர் லாகைத் திறந்தால் ஒரே வரியில் விடை இருக்கும்.

புது நிரலை ஃப்ரீ ஃபார்மட்டில் எழுதுங்கள். பழைய ஃபிக்ஸட் ஃபார்மட்டில் 72-ஆம் பத்திக்கு மேல் எழுதியது கணக்கில் வராது. நீளமான யூஆர்எல் ஒன்றை அந்த வரியில் வைத்தால் வால் போய்விடும்.

சிஜிஐ-யில் முதலில் கன்டென்ட்-டைப் வரி, பிறகு ஒரு வெற்று வரி, அதன்பின் உள்ளடக்கம். வெற்று வரிக்காக வெறும் மேற்கோள் குறிகளை டிஸ்ப்ளே செய்யாதீர்கள். அளவே இல்லாத லிட்டரலை கம்பைலர் ஒரு இடைவெளியாக எடுத்துக்கொண்டால், ஹெடர் முடிந்ததாகவே சர்வர் ஏற்காது. எக்ஸ்"0ஏ" (புதுவரிக் குறி) மதிப்புள்ள ஒரு ஃபீல்டு வைத்து, 'வித் நோ அட்வான்சிங்' (தானாக வரி மாறாதபடி) சேர்த்து அனுப்புவதே பாதுகாப்பு.

குவெரி ஸ்ட்ரிங்கை (யூஆர்எல்லில் ? குறிக்குப் பின் வரும் பகுதி) என்விரான்மென்ட்டிலிருந்து அக்செப்ட் செய்து, அன்ஸ்ட்ரிங் கொண்டு & குறியிலும் = குறியிலும் பிரிக்கலாம். + குறிகளை இடைவெளியாக மாற்றும் வேலையை % டிகோடிங்குக்கு (%-உடன் வரும் குறிகளை மீண்டும் எழுத்தாக்குவது) முன்பே முடிக்க வேண்டும். வரிசை மாறினால், பயனர் உண்மையாகவே தட்டிய + (அது %2பி என்று வரும்) இடைவெளியாகிவிடும். போஸ்ட் கோரிக்கையின் உடலுக்கு அக்செப்ட் சரிப்படாது, அது ஒரு வரியைத்தான் படிக்கும். சி-யின் ரீட் ஃபங்ஷனை கால் செய்து, கன்டென்ட்-லெங்த் அளவு வந்து சேரும்வரை லூப்பில் படியுங்கள். ஒரே ரீடில் எல்லாம் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அந்த நீளம் உங்கள் பஃபரைவிடப் பெரியதாக இருந்தால் படிக்காமலே 413 (அளவு அதிகம்) பிழையை அனுப்பிவிடுங்கள். சி ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் எண்களை காம்ப்-5 ஆகவோ பைனரி-லாங் வகையாகவோ அறிவிக்க வேண்டும். சாதாரண காம்ப் பிக்-எண்டியனில் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்) சேமிக்கப்படுவதால், அதைத் தலைகீழாகப் படிக்கும் இன்டெல் மெஷினில் 1 என்று கொடுத்தது 1,67,77,216 ஆகப் போய்ச் சேரும்.

தமிழ்ப் பெயர்கள் வரும் இடம்தான் நம்மவர்களுக்குப் பெரிய தலைவலி. ஒரு ஃபீல்டை பிக் எக்ஸ்(20) என்று அறிவித்தால் அது 20 எழுத்து அல்ல, 20 பைட். யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் (எழுத்தோ, அதில் சேரும் கொம்பு, புள்ளி போன்ற குறியோ) 3 பைட், மெய்க்கு உயிர்மெய்க் குறி சேர்ந்தால் 6. 'திருநெல்வேலி' என்பதில் 12 குறியீடுகள், ஆக 36 பைட். அதை எக்ஸ்(20) ஃபீல்டுக்கு மூவ் செய்தால் 'திருநெ' மட்டும் முழுதாக வரும். அடுத்த 'ல'வின் 3 பைட்டில் 2 மட்டும் ஒட்டிக்கொண்டு, பிரவுசரில் கேள்விக்குறிக் கட்டமாகத் தெரியும். இதாவது கண்ணில் படும். எக்ஸ்(30) என்று வைத்தால் 'திருநெல்வே' என்று சுத்தமாக வெட்டுப்படும். எந்தப் பிழைச் செய்தியும் இல்லை, தரவுத்தளத்திலும் அப்படியே உட்கார்ந்துவிடும். மூவ் வலப்பக்கத்தை வெட்டும்போது சத்தமே போடாது.

எனவே 40 குறியீடு வேண்டுமானால் எக்ஸ்(120). உள்ளே வந்த நீளத்தைத் தனி ஃபீல்டில் எண்ணி வைத்து, மீறினால் வெட்டாமல் மறுத்துவிடுவதே சரி. குவெரி ஸ்ட்ரிங்கில் இது இன்னும் பெருகும். 'த' ஒன்றே %இ0%ஏஇ%ஏ4 என்று 9 பைட்டாக வருவதால், அதே திருநெல்வேலிக்கு 108 பைட் இடம் வேண்டும். நேஷனல் வகை (பிக் என்) இருக்கிறதே என்பவர்களுக்கு: குனு கோபோலில் அது இன்னும் முழுமையாக இல்லை. ஐபிஎம் கம்பைலரில் அது யூடிஎஃப்-16.

வெளியே போகும் ஜேசனுக்கு ஜேசன் ஜெனரேட் இருக்கிறது. குரூப் ஃபீல்டைக் கொடுத்தால், வால் இடைவெளிகளை நீக்கி ஆப்ஜெக்ட்டாகத் தரும். ஹைஃபன் போட்ட கோபோல் பெயர்களே கீ ஆக வரும் என்பதால், ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் இருப்பவர்கள் திட்டாமல் இருக்க 'நேம் ஆஃப்' போட்டுப் பெயரை மாற்றிவிடுங்கள். கையால் ஸ்ட்ரிங் கட்டினால் எண்களில் கவனம் வேண்டும்: 0001250.50 செல்லுபடியாகாத ஜேசன், முன்னால் சுழியங்கள் வரக்கூடாது. எடிட்டட் பிக்சருக்கு (முன் சுழியங்களை மறைக்கும் ஃபீல்டு) மாற்றி ட்ரிம் செய்யுங்கள். உள்ளே வரும் ஜேசனைப் பிரிக்க ஜேசன் பார்ஸ் ஐபிஎம் எண்டர்பிரைஸ் கோபோல் 6.2-இலிருந்து உண்டு. குனு கோபோல் 3.2-இல் கிடையாது. சி-யில் எழுதிய பார்சரைக் கூப்பிடுங்கள், அல்லது முன்னால் ஒரு பைதான் நிரலை நிறுத்தி அதனிடம் அந்த வேலையை விடுங்கள்.

பணக் கணக்கில் கோபோலின் தசம எண்கள் துல்லியமானவை. ஆனால் இரண்டு பொறி உண்டு. ரவுண்டட் போடாவிட்டால் மிச்சத் தசமங்கள் வெட்டப்படும்: 99.99-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 17.9982, அது 18.00 ஆகாமல் 17.99 ஆக நிற்கும். ஆன் சைஸ் எர்ரர் போடாவிட்டால் இடப்பக்கம் வெட்டுப்படும்: 9(5)வி99 (முழு எண்ணுக்கு 5 இலக்கம், தசமத்துக்கு 2) ஃபீல்டில் 1,25,000.50 வந்தால் 25,000.50 மிஞ்சும். பழைய பேட்ச் நிரலில் இதை மாலை ரிப்போர்ட்டில் யாராவது பிடிப்பார்கள். ஏபிஐ-யில் (வேறு நிரல்கள் நேரடியாக அழைக்கும் சர்வீஸ்) அது நேராக வாடிக்கையாளரின் திரைக்குப் போகும்.

சிஜிஐ ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது புராசஸ் தொடங்குவதால் மெதுவானது. கூட்டம் அதிகமானால், கணக்குப் பகுதியை மாட்யூலாகக் கம்பைல் செய்து பைதானின் சிடைப்ஸ் (சி லைப்ரரிகளை அழைக்கும் கருவி) வழியே அழைக்கலாம். என் ஓட்டும் இதற்குத்தான். முதலில் காப்-இனிட் (லிப்காபைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷன்) அழைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் அழைப்பிலேயே லிப்காப் பிழை சொல்லி நின்றுவிடும். அதைவிட ஆபத்து ஒர்க்கிங்-ஸ்டோரேஜ் (நிரலின் ஃபீல்டுகளை வழக்கமாக அறிவிக்கும் பகுதி). ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் இடையே அதன் மதிப்புகள் அழியாது. முந்தைய பயனரின் பாக்கித் தொகை அடுத்தவரின் பதிலில் ஏறிவிடும். கோரிக்கைக்கு உரிய எல்லாவற்றையும், ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகும் லோக்கல்-ஸ்டோரேஜில் வையுங்கள், அல்லது புரோகிராமை இனிஷியல் என்று அறிவியுங்கள். ஸ்டாப் ரன் எங்காவது ஒளிந்திருந்தால் அது மொத்த சர்வர் புராசஸையும் முடித்துவிடும். அழைத்த நிரலுக்கே திரும்பும் கோபேக் ஆக அதை மாற்றுங்கள். லிப்காப் த்ரெட்-சேஃப் அல்ல (ஒரே நேரத்தில் பல த்ரெட்டுகள் அழைத்தால் குழம்பும்), எனவே த்ரெட்டுக்குப் பதில் பல ஒர்க்கர் புராசஸ்கள்.

தரவுத்தளத்துக்கு எக்ஸெக் எஸ்க்யூஎல் (கோபோலுக்குள் எழுதும் எஸ்க்யூஎல் கட்டளை) எழுதி, ஓசிஇஎஸ்க்யூஎல் போன்ற முன்செயலியில் ஓட்டி, பிறகு கம்பைல் செய்வது வழக்கம். எஸ்க்யூஎல்கோடு (கட்டளையின் முடிவைச் சொல்லும் எண்) 100 என்றால் பதிவு இல்லை, அதை 404 ஆக மாற்றுங்கள். நெகட்டிவ் எண் என்றால் 500. மெயின்ஃப்ரேமில் ஏற்கெனவே ஓடும் சிஐசிஎஸ் (ஐபிஎம்மின் பரிவர்த்தனை சர்வர்) நிரல் என்றால் இந்த வேலை எதுவும் தேவையில்லை, ஐபிஎம்மின் இசட்/ஓஎஸ் கனெக்ட் அதை ரெஸ்ட் ஏபிஐ-யாகக் காட்டும். காம்ஏரியாவின் (சிஐசிஎஸ் நிரல்களுக்குத் தரவு கொடுத்து வாங்கும் இடம்) 32 கேபி வரம்பு மட்டும் அங்கே இடிக்கும், பெரிய பட்டியல் போக வேண்டுமென்றால் சேனலும் கன்டெய்னரும் பயன்படுத்தணும்.

டெஸ்டிங்கில் 'டீபக்' ஆப்ஷன் போட்டே கம்பைல் செய்யுங்கள். அது இல்லாமல் அட்டவணையின் எல்லை தாண்டி எழுதினால், நிரல் நிற்காது. பக்கத்து ஃபீல்டு அழிந்து, அதற்குப் பல வரிகள் தள்ளி ஏதோ ஒரு கணக்கு தப்பாக வரும். வெளி உலகத்துக்குத் திறந்த சர்வீஸ் என்றால் புரொடக்‌ஷனிலும் அதை விட்டுவைக்கலாம், வேகத்தில் குறைவதைத் தாங்கிக்கொள்ளலாம்.