ஓட்டோ காரியஸ்: மேல்மூடியைத் திறந்து வைத்துப் போரிட்டவர்

இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் டாங்கித் தளபதிகளைப் பற்றி எழுதுபவர்களில் பலர், யார் எத்தனை டாங்கிகளை அழித்தார் என்ற பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். ஓட்டோ காரியஸின் பெயருக்கு எதிரே வழக்கமாக 150க்கும் மேற்பட்ட எண் ஒன்று எழுதப்பட்டிருக்கும். அடிபட்ட டாங்கிகள் பழுது நீக்கப்பட்டுக் களத்துக்குத் திரும்பியதும், ஒரே டாங்கியை இருவர் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டதும் அப்போரில் சாதாரணம் என்பதால், அந்த எண்ணுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. அவர் எப்படிப் போரிட்டார், எதற்காகப் போரிட்டார் என்ற இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும் என்பதுதான் என் கருத்து.

1922 மே 27 அன்று ஜெர்மனியின் ஸ்வைபுரூக்கனில் பிறந்த காரியஸ், உடல் எடை போதாது என்று இருமுறை திருப்பி அனுப்பப்பட்டு, 1940இல்தான் படையில் சேர்ந்தார். சோவியத் ஒன்றியத்தின் மீதான படையெடுப்பில், செக் நாட்டில் தயாரான 38(டி) என்ற சிறிய டாங்கியில் குண்டு நிரப்புபவராக அவர் இருந்தார். தகடுகளை ஆணியடித்து இணைத்த வண்டி அது. வெளியே குண்டு மோதினால் அந்த ஆணிகளே உள்ளே தெறித்து ஆளைக் கொல்லக்கூடும். 1941 ஜூலையில் அவரது டாங்கி தாக்கப்பட்டபோது, சில பற்களை இழந்து அவர் உயிர் தப்பினார்.

1943இல் டைகர் டாங்கிகளைக் கொண்ட 502ஆவது கனரக டாங்கிப் படைப்பிரிவுக்கு மாறி, சோவியத் நகரமான லெனின்கிராட்டை ஒட்டிய போர்முனையிலும் பின்னர் எஸ்தோனியாவின் நார்வாவிலும் போரிட்டார். ஏறத்தாழ 57 டன் எடையும் 8.8 செ.மீ. பீரங்கியும் கொண்ட டைகரில் ஐந்து பேர் இருப்பார்கள். தளபதியின் இடம் சுழல் கோபுரத்தின் இடப்புறம், குறிபார்ப்பவருக்குப் பின்னால். மேல்மூடியைச் சாத்திக்கொண்டால் கண்ணாடிக் கீற்றுகள் வழியே தெரியும் துண்டு துண்டான காட்சிதான் மிஞ்சும். தலையை வெளியே நீட்டினாலோ, பதுங்கியிருக்கும் ஒரு துப்பாக்கி வீரனே போதும். காரியஸ் இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார். மூடியை அடைத்துக்கொண்டு தாக்க வந்த சோவியத் தளபதிகள் பலர், தம்மைச் சுடுவது யார் என்று அறியாமலேயே அழிந்தார்கள் என்று தம் நினைவுக் குறிப்புகளில் அவர் எழுதியிருக்கிறார். முதலில் பார்ப்பவனே முதலில் சுடுகிறான் என்பதால், கனத்த கவசத்தைவிடக் கண்ணையே அவர் அதிகம் நம்பினார்.

1944 ஜூலை 22இல் லாத்வியாவின் டௌகவ்பில்ஸுக்கு வடக்கே உள்ள மாலினவா கிராமத்தில் நடந்த சண்டை இதற்குச் சான்று. சோவியத் டாங்கிகள் கிராமத்துக்குள் நிற்பதை முன்னதாகவே நேரில் சென்று பார்த்துவிட்டு வந்த காரியஸ், தம்மிடம் இருந்த எட்டு டைகர்களில் ஆறைப் பின்னால் நிறுத்திவிட்டு, தமது வண்டியையும் இன்னொரு டைகர் தளபதியான கெர்ஷரின் வண்டியையும் மட்டும் வேகமாக உள்ளே செலுத்தினார். முன்னே பாய்ந்த காரியஸை நோக்கிச் சோவியத் டாங்கிகள் கோபுரத்தைத் திருப்பிய கணத்தில், பின்னால் வந்த கெர்ஷர் அவற்றைச் சுட்டு வீழ்த்தினார். அரை மணி நேரத்துக்குள் சண்டை முடிந்தது. இருபதுக்கும் மேற்பட்ட டாங்கிகள் அழிந்ததாகச் சொல்வது ஜெர்மன் தரப்புக் கணக்கு. அதைக் குறைத்துப் பார்த்தாலும், நேரில் கண்டு வந்து வகுத்த அத்திட்டத்தின் கூர்மை குறைவதில்லை. இரண்டே நாளில் அதே வழக்கம் அவரைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. மோட்டார் சைக்கிளில் வேவு பார்க்கப் போனவர், எதிரிகளிடம் சிக்கிப் பல குண்டுகளை உடலில் வாங்கினார்.

ஜெர்மனியின் உயர்ந்த வீர விருதான நைட்ஸ் கிராஸ் பதக்கத்துக்கான ஓக் இலைச் சிறப்பை அவருக்கு நேரில் அணிவித்தவர் ஹிம்லர். யூத இனப்படுகொலையை முன்னின்று நடத்திய அதே ஹிம்லர்தான். காரியஸ் நின்று போரிட்ட லெனின்கிராட் முனைக்கு அப்பால், ஜெர்மன் படைகள் முற்றுகையிட்ட நகரத்தில் பல லட்சம் மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். அவரது துணிச்சலை வியந்து எழுதுபவர்கள் பலர் இந்தப் பக்கத்தைத் தொடாமலே கடந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அவர் அந்த முற்றுகையைத் திட்டமிட்டவர் அல்லர். ஆனாலும் அவரது திறமையில் ஒரு பகுதி அம்முற்றுகையை நீடிக்கச் செய்யவும் செலவானது.

உடல் தேறியபின், 1945இல், சுழல் கோபுரம் இல்லாத டாங்கி அழிப்பு வண்டிகளான யாக்ட்டைகர்களைக் கொண்ட 512ஆவது படைப்பிரிவில், கம்பெனி எனப்படும் சிறு படை அலகு ஒன்றுக்குத் தலைமை ஏற்றார். எழுபது டன்னைத் தாண்டிய அந்த வண்டியின் 12.8 செ.மீ. பீரங்கி, கரடுமுரடான தரையில் சிறிது ஓடினாலே குறி பிசகிவிடும். பயிற்சி போதாத குழுவினரோடு அதை ஓட்டிப் போரிடுவதில் பயனில்லை என்று கண்ட அவர், மேற்கு ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியில் எதிரிகளின் முற்றுகையில் சிக்கி, ஏப்ரலில் அமெரிக்கர்களிடம் சரணடைந்தார்.

போருக்குப் பின் மருந்தியல் படித்து, ஹெர்ஷ்வைலர்-பெட்டர்ஸ்ஹைமில் மருந்துக்கடை ஒன்றைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'டைகர் மருந்தகம்'. 2015 ஜனவரியில் தமது 92ஆம் வயதில் காலமாகும்வரை, அந்த டாங்கியின் பெயரை அவர் கைவிடவில்லை.